இல்லாத மீன்

“தலை வேண்டாம், தோல் வேண்டாம், முள்ளும் வேண்டாம்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா?” பேராசிரியர் ஒற்றை விரலால் தட்டைத் தள்ளினார். அதில் கிடந்த வறுத்த கெண்டை வெந்த கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆற்றோர விடுதியின் சமையல்காரி தட்டை எடுத்துப் போனாள். மீன்களைப் பற்றி நாலு புத்தகம் போட்ட மனுஷனுக்கு ஒரு மீனை முகத்துக்கு நேரே பார்க்கத் தைரியமில்லை என்று அடுப்படியில் தன் புருஷனிடம் சொன்னாள். அவன்தான் விடுதியின் படகுக்காரன்.

பேராசிரியர் வந்தது ஒரே ஒரு மீனைத் தேடி. சாண் நீளம், வாலடியில் இரண்டு கறுப்புப் பொட்டு. அறுபது வருடங்களுக்கு முன்பு இந்த ஆற்றில் பிடிபட்டபோது யாரோ வரைந்த வண்ணப்படம் அவர் பைக்குள் இருந்தது. அதற்குப் பிறகு எவரும் அதைக் கண்டதாகப் பதிவில்லை. மறுபடி கண்டவர் என்று தன் பெயர் நிற்க வேண்டும் என்பது அவருடைய இருபது வருட ஆசை.

படத்தை அவர் படகுக்காரனிடம் காட்டவில்லை. காட்டினால் ஆமாம் சாமி போடுவார்கள், நாலு காசுக்காகக் கெளுத்திக்கே பொட்டு வைத்துக் கொண்டுவந்து நீட்டுவார்கள் என்பது இந்த மாதிரி ஆட்களைப் பற்றிய அவருடைய தீர்மானம். மீனின் பெயரையாவது சொன்னாரா என்றால், அவருக்குத் தெரிந்தது லத்தீன் பெயர் மட்டும்தான்.

படகுக்காரன் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தான். மதகடியில் கெண்டை கூட்டமாக நிற்கும், நாணல் வேருக்குள் விரால் குஞ்சு காக்கும், பாறை இடுக்கில் கைவிட்டால் ஆரால் வழுக்கும், வளைவைத் தாண்டிய சேற்றில் கெளுத்தி கிடக்கும் என்று ஒவ்வொரு இடமாகக் காட்டினான். பேராசிரியர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

“நீ துடுப்பைப் போடு. மீனை நான் பார்த்துக்கறேன்” என்றார்.

ஆறாம் நாள் கரை ஏறும்போது படகுக்காரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். “எங்க வீட்டுக் கிணத்துல கொஞ்சம் மீன் கிடக்கு சார். அப்பா காலத்துல விட்டது. ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போங்களேன்.”

“கிணத்து மீன் கொசுப்புழு திங்கத்தான் லாயக்கு. நான் ஒண்ணும் சுற்றுலா வரல” என்று சொல்லிவிட்டு, பேராசிரியர் அவன் நீட்டிய கையைத் தொடாமல், துண்டு விரிக்கச் சொல்லி அதன் மேல் கால் வைத்து இறங்கினார். படகுக்காரன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

எட்டாம் நாள் மேற்கே மழை பிடித்து ஆறு செம்மண் குழம்பாக ஓடியது. போட்ட வலையில் சருகும் குச்சியும்தான் வந்தன. பேராசிரியர் அறையிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். சமையல்காரி இரண்டு நாள் முட்டையைப் பொரித்து வைத்தாள்.

இரண்டாம் நாள் முட்டையைப் பார்த்ததும் அவர் பேனாவை மூடினார். “ஆத்தங்கரையில உக்காந்துட்டு முட்டையா? நாளைக்கும் மீன் இல்லைன்னா, வேற ஆளை வைக்கச் சொல்லி விடுதி முதலாளிக்கு எழுதிப் போட்டுட்டுத்தான் மறுவேலை.”

எழுதினால் அவளுடைய வேலை போகும். கூடவே அவன் படகும் போகும். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவன் வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் கிணற்றடிக்குப் போனான்.

மறுநாள் மதியம் தலையும் தோலும் முள்ளும் நீக்கிய மீன் துண்டுகள் மேஜைக்கு வந்தன. இளமஞ்சள் சதை, நாக்கில் வைத்ததும் வெண்ணெயாகக் கரைந்தது. பேராசிரியர் முதல் தடவையாகக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். அடுத்த நாளும் அதையே வைக்கச் சொல்லி, இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போதுதான் உனக்குக் கைப்பக்குவம் வந்திருக்கிறது என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார். என்ன மீன் என்று மட்டும் கேட்கவில்லை. அந்த இரண்டு நாளும் படகுக்காரன் பசியில்லை என்று சொல்லிச் சோற்றைத் தொடாமல் எழுந்துபோனதும் அவருக்குத் தெரியாது.

கிளம்பும் நாள் காலையில் அறிக்கையை முடித்தார். இருபத்திரண்டு இடங்களில் தேடியாயிற்று, உள்ளூர் ஆட்களிடம் விசாரித்ததில் உருப்படியான தகவல் எதுவும் இல்லை, இந்த இனம் அடியோடு அழிந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறிக்கையோடு சேர்த்து அனுப்ப வண்ணப்படத்தை முதல் தடவையாகப் பைக்குள்ளிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டீ கொண்டுவந்த சமையல்காரி குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைக்க மறந்து பார்த்தபடியே நின்றாள்.

“என்ன பார்வை? பார்த்தா புரிஞ்சிடப்போகுதா?” என்றார் பேராசிரியர், பையின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டே. “அது இந்த உலகத்துலயே இல்லாத மீன். இப்பத்தான் எழுதி முடிச்சேன்.”

“சரியாத்தாங்கய்யா எழுதியிருக்கீங்க. கடைசி ரெண்டையும் நேத்து மத்தியானம் நீங்கதானே சாப்பிட்டீங்க.”