இரண்டு மலை, ஒரு குடிசை

இதிலும் குடிசைதான்.

கேயா மல்லிக் அடுத்த தாளை எட்டிப் பார்த்தாள். இரண்டு மலை, நடுவில் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு படகு, கரையில் குடிசை. அதற்கடுத்த தாளிலும் அதேதான்.

பாராநகர் கிளப் மைதானத்தில் தார்ப்பாய் விரித்துப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஓவியப் போட்டி. கயிற்றுக்கு வெளியே நின்ற அம்மாக்கள், "ஆத்துக்கு இன்னொரு தடவை நீலம் குடு!", "மலைக்கு ஷேடு போடுடி!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

நடுவராக வந்திருந்த கேயா கொடுத்த தலைப்பு, 'இன்று காலையில் நீ பார்த்தது.'

பாராநகரில் காலையில் எழுந்து மலையைப் பார்த்தவர் எவரும் கிடையாது.

அவளுக்கு ஏற்கெனவே எரிச்சல். கிளப் செயலாளர் பிஷு மைக்கில் அவளைப் புகழ்பெற்ற ஃபேஷன் டிசைனர் என்று சொல்லிவிட்டான். விளம்பரக் கம்பெனியில் லேபிளும் புத்தக அட்டையும் வரைந்தவள். பிறகு ஓய்வு பெறும்வரை கலைக் கல்லூரியில் பாடம் நடத்தியவள். இப்போது வீட்டு மாடியில் ஆளுயரத் துணிகளில் ஓவியம் தீட்டுகிறாள். இதையெல்லாம் அவனுக்கு எடுத்துச் சொன்னால், "அந்தக் கூந்தல் எண்ணெய் பாட்டில்ல இருக்கிற பொம்பள நீங்க வரைஞ்சதாமே, தீதி! என் பொண்டாட்டி அதைத்தான் தேய்க்கிறா" என்கிறான்.

போன மாதம் நடந்த அவளுடைய கண்காட்சிக்கு அவன் வரவில்லை. பெரிதாக யாருமே வரவில்லை.

ஒரு பையன் பக்கத்தில் குனிந்தாள். "காலையில என்னடா பார்த்த?"

"அப்பாவும் பெரியப்பாவும் தண்ணி மோட்டாருக்காகச் சண்டை போட்டாங்க. பெரியப்பா வாயில பிரஷ்ஷை வெச்சுக்கிட்டே திட்டினாரு. நுரையெல்லாம் அப்பா மேல."

"அடடா, அதை வரைய வேண்டியதுதானே?"

"அதுக்கெல்லாம் பிரைஸ் தர மாட்டாங்க, ஆன்ட்டி."

அவன் இரண்டாவது மலைக்குப் பச்சை தேய்க்கப் போய்விட்டான்.

கேயா நேராகப் பிஷுவிடம் நடந்தாள். "முதல் பரிசு யாருக்கும் கிடையாது."

"விளையாடாதீங்க தீதி. பரிசு குடுக்கக் கவுன்சிலர் கிளம்பி வந்துட்டிருக்காரு. கப்பு வேற வாங்கி வெச்சாச்சு."

"கவுன்சிலருக்கே குடுத்துடு."

கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே நுழைந்தாள். ஷம்பா. கடைசி வரிசையில் இருந்த டுக்டுகியின் அம்மா.

"என் பொண்ணு படத்துல என்ன குறை? சொல்லுங்க."

"குறையே இல்லம்மா. எல்லாரும் ஒரே படத்தைப் போட்டிருக்காங்க. அதுதான் பிரச்சனை."

"புத்தகத்துல அப்படித்தானே இருக்கு?"

பையிலிருந்து எடுத்தே காட்டினாள். ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்த, ஒல்லியான வரையக் கற்கும் புத்தகம். பாராநகரில் அது இல்லாத வீடு குறைவு.

கேயா அதைக் கையில் வாங்கவில்லை. "எந்த முட்டாள் போட்டதோ! ஊர்ப் பிள்ளைங்க கண்ணையே அவிச்சு வெச்சிருக்கு."

ஷம்பாவின் முகம் சிவந்துவிட்டது.

"திட்டாதீங்க. எனக்குப் பென்சில் பிடிக்கக்கூட யாரும் சொல்லித் தரல. கல்யாணமாகி வந்து, மத்தியானத்துல உக்காந்து, இதைப் பார்த்து நானே கத்துக்கிட்டேன். அந்த ஆறு வளையறது இருக்கே, அது வரவே வராது எனக்கு. அழிச்சு அழிச்சுத் தாளே கிழிஞ்சுடும். அது ஒழுங்கா வந்த அன்னிக்கு என் வீட்டுக்காரர் அச்சடிச்சதுன்னே நினைச்சாரு. என்னைப் பார்த்து என் பொண்ணு கத்துக்கிட்டா." மூச்சு வாங்கினாள். "நீங்க காலேஜ்லயே சொல்லிக் குடுத்தவங்க. எங்களை மாதிரி ஒருத்திக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?"

பிஷு கடிகாரத்தைப் பார்த்தான்.

கேயா கடைசி வரிசைக்குப் போய், டுக்டுகிக்குப் பின்னால் நின்றாள். குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் ஆற்றை வரைந்துகொண்டிருந்தாள். மலையடியில் நூலாகப் பிறந்து, குடிசை வாசலில் அகன்று, தாளின் விளிம்புவரை ஒரே இழுப்பில் வந்து நின்றது கோடு. கை நடுங்கவில்லை. கல்லூரியில் கடைசி வருஷப் பையன்களிடம்கூடக் கேயா அப்படியொரு கோட்டை அடிக்கடி பார்த்ததில்லை.

"இவளுக்கு முதல் பரிசு" என்றாள்.

"இப்பத்தானே தீதி, யாருக்கும் இல்லன்னு..."

"எழுதுடா பிஷு."

ஷம்பா அழுதுகொண்டே சிரித்தாள். கயிற்றுக்கு வெளியே நின்ற பெண்களிடம் புத்தகத்தை உயர்த்திக் காட்டினாள். "பார்த்தீங்களா? இதுல இருக்கிற மாதிரியே போட்டாத்தான் பரிசு!"

அம்மாக்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கேயா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது, அவள் கணவன் சுபீர் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தான்.

"குடிசையா?"

"குடிசைதான். எத்தனை பிள்ளைங்களோ அத்தனை குடிசை."

"யாருக்குக் குடுத்த?"

"குடிசைக்குத்தான் குடுத்தேன். பேசாம இரு."

அவன் சிரித்தான். "அந்தப் புத்தகம் போட்டது நீதான்னு இந்தத் தடவையாவது சொன்னியா?"

கேயா செருப்பைக் கழற்றினாள். விளம்பரக் கம்பெனியில் சேர்ந்த புதிதில், ஒரு பதிப்பாளர் அவசரப்படுத்தியதால் சில மத்தியானங்களில் அவள் வரைந்து கொடுத்த புத்தகம் அது. அவர் அட்டையில் அவள் பெயரைப் போடுவதாகத்தான் இருந்தார். அவள்தான், பின்னாளில் பெரிய ஓவியராகப் போகிறவளுக்கு இது இழுக்கு என்று, வேண்டாமென்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

"கேக்கறேன்ல, சொன்னியா?"

"மீன் கருகுது. அதைப் பாரு" என்றாள்.

மீன் இன்னும் அடுப்பில் ஏறவே இல்லை.