கெங்கம்மாள் வீட்டுக்காரரின் முகம்

செத்துப்போனவருக்குப் போட்டோ கிடையாது. அதனால் தாண்டவராயனை உட்கார வைத்து அவருடைய முகத்தைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

1988. விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோ. பிற்பகல் மூன்று மணி. போட்டோக்காரர் விளக்குகளை அணைத்துவிட்டு டீக்குப் போயிருந்தார்.

செத்தவர் கெங்கம்மாளின் கணவர். கெடாரில் மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை நிலம், வைத்திருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் பம்புசெட்டில் ஷாக் அடித்துப் போய்விட்டார். இருந்தவரை ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை. ரேஷனுக்கும் ஓட்டுக்கும் அப்போது யாரும் போட்டோ கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வானூரிலிருந்து கெங்கம்மாளின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். சுவரில் மாலை போட்ட அப்பன் இருந்தாக வேண்டும். போன மாதம் வந்தவர்கள் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, அப்பன் செத்தாரா ஓடிப்போனாரா என்று கேட்டார்களாம். காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்களாம்.

சித்திரையில் திண்டிவனத்தில் நாங்கள் போட்ட நாடகத்தைக் கெங்கம்மாள் பார்த்திருந்தார். இருபத்தெட்டு வயதுத் தாண்டவராயன் அதில் அறுபது வயது அப்பாவாக வந்தான். அவன் அவ்வளவு சின்னப் பையன் என்று தெரிந்ததும், மேக்கப் போட்டவரைத் தேடி வந்துவிட்டார். கணவரின் வெள்ளைச் சட்டையையும் பையில் கொண்டுவந்திருந்தார். சட்டை தாண்டவராயனுக்குச் சரியாக இருந்தது.

"மாலைய போட்டோவுக்குப் போடுங்க. என் கழுத்துல போட்டுடாதீங்க. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செருப்பால அடிக்கும்," என்றான் தாண்டவராயன்.

"உயிரோட உனக்கு எவன்டா மாலை போடப் போறான்? செவுத்துலயாச்சும் தொங்கு," என்றார் கமாலுதீன் பாய்.

மேக்கப் போடுகிறவர் அவர்தான். அவரிடம் ஒரு வழக்கம். கிழவன், ரவுடி என்று வாயால் சொன்னால் டப்பாவைத் திறக்க மாட்டார். அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். படித்துவிட்டுத்தான் கை வைப்பார். எங்கள் குழுவில் எழுதுகிறவன் நான். ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்திருந்தேன்.

கெங்கம்மாள் சொன்னதை அப்படியே எழுதினேன். தங்கமான மனுஷன். அதிர்ந்து பேச மாட்டார். பிள்ளை என்றால் உயிர்.

பாய் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது காண்டக்ட் சர்ட்டிபிகேட்டு தம்பி. இத்த வெச்சிக்கினு எந்த மூஞ்சியப் போடறது?"

வேறு மாதிரிக் கேட்டேன். வீட்டுக்கு எப்படி வருவார், எப்படிச் சாப்பிடுவார்.

கெங்கம்மாளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"தெருமுனையிலயே செருமுவாரு. அது கேட்டுச்சின்னா பொண்ணு சிரிச்சிக்கினு இருந்தாலும் நிறுத்திக்கும். கூழுல உப்பு கம்மின்னா கிண்ணம் வாசல்ல போய் உழும். மத்தபடி தங்கமான மனுசன்."

புதுத் தாளில் எழுதினேன். கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

பாய் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு டப்பாவைத் திறந்தார்.

கண்ணைத் தொடவில்லை. புருவங்களுக்கு நடுவில் இரண்டு கோடு இழுத்தார். மீசையை ஒரு நூல் கீழே இறக்கி ஒட்டினார். மேலுதடு காணாமல் போனது. பல்லைக் கடித்திருப்பதுபோலத் தாடை ஓரத்தில் கறுப்பைத் தேய்த்தார்.

"நீ தெருமுனையில வந்துக்கினு இருக்கற. வூட்டுக்குள்ள யாரோ சிரிக்கிறாங்க. அது உன் காதுல உழுது."

"சிரிச்சா இன்னா பாய்?"

"அப்படிக் கேக்கற ஆளு நீ இல்ல இப்ப."

தாண்டவராயன் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான்.

பெஞ்சில் கெங்கம்மாள் இல்லை.

எழுந்து சுவரோடு சுவராக நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. வலது கை உயர்ந்து கன்னத்தையும் காதையும் மறைத்திருந்தது.

ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

கை இறங்க நேரமானது. இறங்கிய கையை அவரே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இது அவரு இல்ல," என்றார்.

பாய் வாதாடுகிறவர் இல்லை. "எந்த எடத்துல மாத்தணும், சொல்லும்மா."

"எல்லா எடத்துலயும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயா எதையாச்சும் எழுது தம்பி. எம்பொண்ணு அந்தப் படத்துக்குக் கீழதான் நிக்கப்போவுது. அது நிமுந்து பாக்கறாப்புல ஒரு அப்பனா எழுது."

மூன்றாவது தாளை எடுத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அப்படி ஒருவரை எனக்கும் பழக்கமில்லை.

மேக்கப்பைக் கலைக்கப் பாய் பழைய துணியில் தேங்காய் எண்ணெயை ஊற்றினார். கெங்கம்மாள் துணியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

முதலில் மீசையைப் பிய்த்தார். தாண்டவராயன் கத்தினான். புருவக் கோடுகளை அழித்தார். தாடையை அழித்தார். துணி கறுத்தது. கறுப்பெல்லாம் போன பிறகும் கை நிற்கவில்லை. கன்னம் சிவந்துவிட்டது.

"யக்கா, எல்லாம் போயிடுச்சி. இது என் மூஞ்சி."

கெங்கம்மாள் துணியை மறுபக்கம் திருப்பி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்.