காலில் சுற்றிய பை

ஏழு மாதமாகக் குளிக்கும்போதெல்லாம் அவர் வலது காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டார். உடைந்த எலும்பின் இடைவெளியில் டாக்டர்கள் வைத்த செயற்கைத் துண்டு தண்ணீரில் கரையும் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது. காலைத் தரையில் ஊன்றவும் பயம்.

மத்தியானம் கண்ணயர்ந்தால் ஒரே கனவு. அந்த எலும்பு வெள்ளைச் சுவராக மேகம்வரை நிற்கும். சுற்றியிருக்கும் கம்புகள் தூறலில் சர்க்கரையாய்க் கரையும். அவர் அந்தரத்தில் மிதந்தபடி, "இன்னும் ஈரம் காயலைடா!" என்று கத்துவார்.

"தூக்கத்துலயும் யாரை விரட்டுறீங்க?" என்பாள் மனைவி.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சிரித்தார். "நாங்க வச்ச துண்டு சுத்தமா கரைஞ்சு போச்சு."

மனைவி பொரிந்து தள்ளினாள். "ஒரு சொட்டு படவிடலையே டாக்டர்! குடிக்கிற தண்ணியைக்கூடக் குறைச்சுக்கிட்டார் மனுஷன்!"

"உடம்புல இருக்கிற தண்ணியே போதும்மா. கரையட்டும்னுதான் வச்சோம். அந்தத் துண்டுல இருந்த சின்னச் சின்ன ஓட்டையில எல்லாம் எலும்பு வளர்ந்து நிரம்பிடுச்சு. இனி அது எதுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"என்னம்மா?"

"இவருக்கு என்ன வேலைன்னு கேளுங்க. இருபது வருஷமா கட்டடத்துக்குச் சாரம் கட்டுறார். சுவர் காய்ஞ்சதும் ஒரு கம்பு விடாம அவுக்கிறதும் இவர்தான்!"

அவர் நிமிர்ந்தார். "நல்லா இறுகின பிறகுதானே அவுத்தீங்க?"

"இறுகின பிறகுதான்."

மனைவியின் தோளைப் பிடித்துப் பரிசோதனைக் கட்டிலிலிருந்து இறங்கி, வலது காலை மெதுவாகத் தரையில் வைத்தார். உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டார். பிறகு அவள் தோளிலிருந்து கையை எடுத்தார்.