பார்த்து எழுதியவர்கள்

"ஒருத்தி வாசல் பக்கம், இன்னொருத்தி ஜன்னல் பக்கம். நடுவுல இருபது பேர். எப்படிக்கா காப்பி அடிச்சிருப்பாங்க?"

மதிய இடைவேளை. ஆசிரியர்கள் அறையில் அறிவியல் ஆசிரியர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டு, ஆறாம் வகுப்பு விடைத்தாள்கள் இரண்டை அருகருகே விரித்து வைத்திருந்தார். ஒன்று சைக்கிள் கடைக்காரர் மகளுடையது, மற்றது தையல்காரம்மா மகளுடையது. இருவரும் போன மாதம்தான் பள்ளியில் சேர்ந்தவர்கள்.

மறுமுனையில் அவருடைய அக்கா. கல்லூரியில் அறவியல் பாடம் நடத்துபவள்.

இரண்டு பேர் ஒரே மாதிரி சரியாக எழுதினால் சந்தேகம் வராது. சரிக்கு ஒரே வழிதான். தப்புக்கு ஆயிரம் வழி. அந்த ஆயிரத்தில் இரண்டு பேர் ஒரே சந்துக்குள் நுழைந்தால்தான் வாத்தியாருக்கு மூக்கில் வியர்க்கும்.

"இதைக் கேளு. நிழல் எப்படி உண்டாகிறது? 'ஒலியை மறித்தால் நிழல் விழும்.' இலை எப்போது உணவு தயாரிக்கும்? 'ஒலி பட்டால்தான் தயாரிக்கும்.' ரெண்டு தாள்லயும் இதேதான்."

"சரியாத்தானேடா எழுதியிருக்காங்க?"

ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். அக்காவுக்கும் அறிவியலுக்கும் சின்ன வயதிலிருந்தே ஏழாம் பொருத்தம். அவளுக்கு விளக்கி மாளாது என்று நேராக விஷயத்துக்கு வந்தார். பார்த்து எழுதினால் இருவருக்கும் பூஜ்யம், மறுபடி அதே ஆறாம் வகுப்பு. அதுதான் பள்ளி விதி. மணி அடிப்பதற்குள் தலைமையாசிரியையிடம் பெயர் கொடுத்தாக வேண்டும்.

அக்காவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. உலகத்தில் மூன்று கட்சி இருக்கிறது என்று ஆரம்பித்தாள். விதிதான் பெரிது என்பது ஒன்று. விளைவுதான் பெரிது என்பது இன்னொன்று. நல்ல மனிதன் இந்த இடத்தில் என்ன செய்வான் என்று பார் என்பது மூன்றாவது.

ஆசிரியர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். விதிப்படி போனால், காட்டியவளுக்கும் பார்த்தவளுக்கும் ஒரே அடி. விளைவைப் பார்த்து மூடி மறைத்தால், அடுத்த பரீட்சையில் வகுப்பே எட்டிப் பார்க்கும்.

"மூணாவதுதான் இடிக்குது. நல்ல வாத்தியாருன்னா என்ன செய்வாரு? அதை உன் புத்தகம் சொல்லலையே."

"மூணு கட்சிக்காரனும் முதல்ல ஒண்ணு செய்வான்டா. நிஜமா என்ன நடந்துச்சுன்னு விசாரிப்பான். நீ அந்தப் பிள்ளைங்ககிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் இருவரும் மேசை முன்னால் நின்றார்கள். ஆசிரியர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"யாரு யாரைப் பார்த்து எழுதினீங்க?"

"பார்த்து எழுதலை சார். கேட்டு எழுதினோம்" என்றாள் சைக்கிள் கடைக்காரர் மகள்.

"பரீட்சை நடக்கும்போது பேசினீங்களா? யார்கிட்ட கேட்டீங்க?"

"உங்ககிட்டதான் சார். எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் புத்தகம் வரலை. நீங்க வகுப்புல சொல்றதைக் கேட்டு அப்படியே மனப்பாடம் பண்ணிடுவோம்."

"நான் இப்படியா சொன்னேன்?"

"ஆமா சார்" என்றாள் தையல்காரம்மா மகள். "அது பட்டாத்தான் இலை சாப்பாடு செய்யும்னு சொன்னீங்க. ஒரு மாசமா எங்க தொட்டிச் செடிக்கு நான் தினமும் பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கேன்."

வெளிச்சத்தையல்லவா சொன்னேன் என்று வாயெடுத்தவர், பாதியில் நிறுத்தி, ஒளி, ஒலி என்று இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவர் குடும்பத்தில் யார் நாக்குக்குமே வளைந்து கொடுக்காத அந்த 'ள', இரண்டு தடவையும் 'ல' ஆகவே விழுந்தது.

இருவருக்கும் முழு மதிப்பெண் போட்டார். அன்று இடைவேளை முடிந்து நடந்த வகுப்பில் வெளிச்சத்தைச் சொல்லும்போது கண்ணையும், சத்தத்தைச் சொல்லும்போது காதையும் தொட்டுக் காட்டினார்.