பழகின கை

ஆபீஸ்காரர் மறுபடியும் கயிற்றை இழுத்தார். புல்வெட்டும் மெஷின் கம்மென்று இருந்தது.



அப்பா நாற்காலியில் சாய்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு திருப்தி. விடைத்தாளில் முட்டை போடும்போது வாத்தியார்களுக்கு வருமே, அது.

அப்பாவின் சட்டம் ரொம்ப எளிமையானது. ஒரு இஞ்சினை எழுப்பத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி ஓட்டுவான்? படிப்பு, சம்பளம், குணம் எல்லாம் பிறகுதான். என்னைப் பெண் கேட்டு எவன் வந்தாலும் நேராகத் தோட்டத்துக்குக் கூட்டி வந்து இந்த மெஷின் முன்னால் நிறுத்திவிடுவார்.

இதுவரை மூன்று பேர் வந்தார்கள்.

ஒருத்தர் மெஷினைக் காலால் உதைத்தார். இன்னொருத்தர் பல்லைக் கடித்து இழுத்தார். கயிறு பிடிமானமே இல்லாமல் பொசுக்கென்று வந்துவிட, மல்லாக்க விழுந்தார். கடைசி ஆள் செல்போனில் செய்முறை வீடியோவைத் தேடித் தேடியே இருட்டும்வரை நின்றார்.

மூன்று பேரையும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் மெஷினுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

வந்தவர் வண்டி தெருமுனை தாண்டியதும் அப்பா வெளியே போவார். ஒரே இழுப்பு. கர்ரென்று கிளம்பும். "பழகின கை, பாப்பா!" என்பார். சீட்டியடித்துக்கொண்டே புல் முழுவதையும் வெட்டுவார்.

அப்பா அன்றைக்குப் போட்டிருந்த சட்டையின் பையில் கரி அப்பியிருக்கும். அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். தேய்க்கிறவள் நான்தானே? பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் கைதான் ஓய்ந்துபோகும்.

ஆனால் இந்த ஆபீஸ்காரர் அப்படி வந்தவர் இல்லை. என் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர். நானாகப் பிடித்து, நானாகக் கூட்டி வந்தவர். இவர் போனால் எனக்கு வேறு ஆள் வேண்டாம்.

அதனால் சும்மா விடுவேனா? நேற்று அப்பா வாக்கிங் கிளம்பினதும் வேலையில் இறங்கினேன். பழைய பெட்ரோலை வடித்துப் புதுசு ஊற்றினேன். ஏர் ஃபில்டரைத் தட்டினேன். பொறி தட்டும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கரியை வந்தமட்டும் சுரண்டி, திரும்ப மாட்டினேன். இழுத்துப் பார்த்தால், என் கைக்கே முதல் இழுப்பில் கிளம்பியது. பழகின கையாம், பழகின கை!

இன்றைக்கு என்ன கேடு வந்தது இதற்கு?

பக்கத்து வீட்டு மாமா வேலிமேல் முகத்தை வைத்து, சோக்கை முழுசாக இழுக்கச் சொன்னார். இழுத்ததும், ஐயய்யோ ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது, உள்ளே தள்ளு என்றார். மாமாவிடம் மெஷினே கிடையாது. வெட்டப் புல்லும் கிடையாது, போன வருஷமே சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்.

"பரவாயில்ல தம்பி," அப்பா எழுந்தார். "காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க."

குரலில் அப்படி ஒரு தேன். 

ஆபீஸ்காரர் கிளம்பவில்லை. கயிற்றை இரண்டே விரலால் இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். இவ்வளவு லேசாக வரக்கூடாதே என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு குனிந்து பிளக் கேப்பைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. அடியில் வெறும் ஓட்டை.

"சார், இதுல பிளக்கே இல்லையே!"

அப்பாவின் கை சட்டென்று மார்புக்குப் போனது. சட்டைப் பையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டது.

ஆபீஸ்காரர் பதறிவிட்டார், பாவம். "சார்! நெஞ்சு வலிக்குதா?"

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். விரல் இடுக்கில் வெள்ளைத் துணியில் கரி தெரிந்தது. எனக்குத் தெரியாத கரியா அது?

"லேசா," என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாவை ஒரே ஒரு தடவை கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அப்பாவின் பிடி தளர்ந்தது. பிறகு பைக்குள் விரலை விட்டு பிளக்கை எடுத்து, ஆபீஸ்காரர் உள்ளங்கையில் வைத்தார்.

"முதல்ல கையாலயே முறுக்குங்க தம்பி. அவசரப்பட்டா மரை போயிடும்."

மெஷின் ஒரே இழுப்பில் கிளம்பியது. வேலியோரம் மாமா கைதட்டினார், தான் சொல்லிக்கொடுத்த மாதிரி.

அப்பா சீட்டியடிக்கவில்லை.

"சட்டையைக் கழட்டுங்கப்பா," என்றேன். "ஊறவைக்கணும்."