சுவிட்சை அணைத்த பிறகு

“ஏங்க, போடியில வயர்மேனுக்கா பஞ்சம்? போயும் போயும் இந்தக் கிழவரையா பிடிச்சுட்டு வந்தீக?”

சண்முகராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு ஏலக்காய் மண்டிக்குக் கிளம்பிவிட்டான்.

பூமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? மாமியார் பிச்சையம்மாள் போய் இன்னும் வருசம் திரும்பவில்லை. அந்தம்மா இருந்தவரைக்கும் அவர் அறையில் ஒரு பல்பு கிடையாது, அரிக்கேன் விளக்குதான். இப்போது அதே அறைக்குப் பலகையில் மேல்கூரை அடித்து, மதுரை நகைக்கடையில் இருக்கிற மாதிரி வட்ட வட்டமாக ஓட்டை போட்டு, உள்ளே பதிக்கிற லைட்டாம்! உயிரோடு இருக்கையில் இருட்டு, செத்த பிறகு படத்துக்கு வெளிச்சம். நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

அதைக்கூட விட்டுத்தள்ளலாம். இது ஏற்கெனவே கரண்டுக்கு ஒரு உயிரைக் கொடுத்த வீடு. கொழுந்தன் செல்லப்பாண்டி இதே அறையில் பல்பு மாற்றப் போய்த்தான் செத்தான். பூமாரி உத்தமபாளையத்திலிருந்து வாக்கப்பட்டு வருவதற்கு முன்னால் நடந்தது. அன்றைக்குத்தான் அந்த அறையில் கரண்டை எடுத்துவிட்டார்களாம். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாயே திறப்பதில்லை.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு, வீரபாண்டியில் எவன் தோப்புக்கோ காவல் இருந்த ஆளைப் பஸ் ஏற்றிக் கூட்டிவந்து வயர் இழுக்கச் சொன்னால் பெற்றவள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா? பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீடு.

கிழவர் ஜெபமணி வேலை செய்த லட்சணம் அதற்கு மேல். மெயினை அணைத்தார். பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்படியும் ஒரு வயரைத் தொடுமுன்னே ஏணியை விட்டு இறங்கி மெயின் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வயருக்கும் அதே கூத்து.

“பீஸ் கட்டை உங்க பையிலதான கிடக்கு? அங்கன போயி என்னத்தைப் பார்க்கீக?”

“ஒருக்கா பார்த்துக்கிடுறேன் தாயி.”

சாயங்காலம் லைட்டெல்லாம் மாட்டி, பீஸ் கட்டையைச் சொருகி எரியவும் விட்டார். அப்பாடா என்று பூமாரி மூச்சுவிடுவதற்குள் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறினார். ஒவ்வொரு லைட்டின் தகர வளையத்திலும், உள்ளே ஹோல்டரிலும் டெஸ்டரை வைத்து உற்று உற்றுப் பார்த்தார்.

பூமாரி தலையில் அடித்துக்கொண்டாள். “அணைச்சுட்டு டெஸ்டர் வைக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கேன்! அணைச்ச பிறகு அதுல என்ன இருக்கும்?”

“இருக்கக் கூடாது தாயி. அதைத்தான் பார்க்கேன்.”

சொல்லும்போதே டெஸ்டர் கை நழுவிக் கீழே விழுந்தது. அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“கண்ணும் தெரியல, கையும் நிக்கல! நீங்க இழுத்த வயர்ல ஒரு உசுரு போச்சுன்னா யாரு வந்து பதில் சொல்றது?”

ஜெபமணியின் முகம் செத்துவிட்டது. மெல்ல இறங்கி, சாமான்களைப் பைக்குள் எடுத்துப் போட ஆரம்பித்தார்.

“நீங்க சொல்றது சரிதான் தாயி. வேற ஆளை வச்சு முடிச்சுக்கங்க.”

சண்முகராஜ் அப்போதுதான் உள்ளே வந்தான். பையையும் பார்த்தான், பெண்டாட்டி முகத்தையும் பார்த்தான்.

“என்னண்ணே மிச்சம்?”

“எல்லாம் மாட்டியாச்சு முதலாளி. ஆத்தா படத்துக்கு மேல இருக்குற லைட்டுக்கு மட்டும் டெஸ்டர் வைக்கல.”

சண்முகராஜ் சுவிட்சைப் போட்டான். பிச்சையம்மாள் படத்தின் மேல் வெளிச்சம் இறங்கியது. அணைத்தான். பிறகு மர ஏணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, மூட்டை அடுக்குகிற இரும்பு ஏணியை இழுத்துப் போட்டு, வெறுங்காலோடு ஏறினான்.

“முதலாளி, வேண்டாம்! மர ஏணியில ஏறுங்க! நான் இன்னும் பார்க்கல முதலாளி!”

ஜெபமணி அலறியதைக் காதில் வாங்காமல், தகர வளையத்தில் உள்ளங்கையை முழுசாக வைத்து அழுத்திப் பிடித்தான். பூமாரிக்கு உயிரே போய்த் திரும்பியது.

ஒன்றும் ஆகவில்லை.

“கர்த்தாவே!” என்று முகத்தைப் பொத்திக்கொண்டு ஜெபமணி தரையில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதார்.

“உங்களுக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?” கீழே இறங்கியவனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள் பூமாரி.

“செல்லப்பாண்டியும் சுவிட்சை அணைச்சுட்டுத்தான் பல்பைத் தொட்டான் பூமாரி. சுவிட்சைக் கரண்டு வர்ற வயர்ல மாட்டாம, திரும்பிப் போற வயர்ல மாட்டியிருந்துச்சு. அணைச்ச பிறகும் ஹோல்டர்ல கரண்டு இருந்துக்கிட்டே இருந்துச்சு. அந்த வயரை இழுத்தது இவருதான். அன்னைக்கு ஊரை விட்டுப் போனவரு, இன்னைக்குத்தான் மறுபடி வயரைத் தொடுறாரு.”

பூமாரி ஆடிப்போனாள். “அம்புட்டும் தெரிஞ்சுமா இவரைக் கூட்டியாந்தீக?”

“நானாக் கூட்டியாரலை. எனக்கு இவரு மூஞ்சியில முழிக்கவே பிடிக்காது. ஆத்தா சாகப்போறப்ப எங்கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா: ‘நான் இருட்டுல கிடந்து எம்மகன் திரும்பி வந்துட்டானா? அந்த ஜெபமணியைத் தேடிப் பிடிச்சு, இங்கனயே, பிள்ளைக கைக்கு எட்டாத மாதிரி லைட்டுப் போடச் சொல்லு. அதை அவன் கண்ணு முன்னாடியே நீ தொட்டுக் காட்டுடா. பாவம், அன்னையிலருந்து அந்த மனுசனும் தூங்கியிருக்க மாட்டான்.’”