கன்றிய கன்னம்

நேயர்கள் போடும் ஓட்டுதான் குடும்பநலக் கோர்ட்டின் தீர்ப்பு என்றாகி மூன்று வருடமாகிறது. வழக்குகளை ஒளிபரப்பும் மதிய டிவி நிகழ்ச்சிக்கு வருகிறவர்களுக்கு மேக்கப் போடுவது தில்லைநாயகியின் வேலை. அன்று வந்த செண்பகம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தில்லைநாயகியின் கை, பழக்கதோஷத்தில், கன்றிப்போயிருந்த கன்னத்தையும் பூசி மெழுகிவிட்டது.

"இங்கதாங்க அடிச்சாரு," என்று மேடையில் செண்பகம் கன்னத்தைக் காட்டினாள். கேமரா நெருங்கியது. மாசுமருவில்லாத கன்னம்.

"காயம் எங்கம்மா?" என்றார் தொகுப்பாளர். கூட்டம் சிரித்தது. புருஷனோடு போகச் சொல்லி எண்பத்தொரு சதவீத ஓட்டு விழுந்தது.

மேக்கப் அறையில் தில்லைநாயகி பஞ்சால் துடைக்கத் துடைக்க, நீலம் வெளியே வந்தது. "தப்பு பண்ணிட்டேம்மா," என்றாள்.

கூட்டிப்போக வந்த புருஷன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என்ன கிரீம்க்கா? வீட்டுக்கு ஒண்ணு வாங்கி வைக்கணும்."